ஆற்றின் நேரசூசி

வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில்,
சாப்பாட்டு மேசைமேல் களனி கங்கை கிடக்கிறது.
ஏழு தாள்கள், செலோடேப் போட்டு ஒட்டியது.
கித்துல்கலைக்கு மேலே தொடங்கி
உப்புப் போத்தலடியில் எங்கள் பகுதி முடிகிறது.

யூஜின் சிவப்புப் பேனாவால்
கற்களுக்குப் பெயர் வைக்கிறான்.
போனமுறை தன்னைக் கவிழ்த்த கல்லுக்கு
அவனுடைய வங்கி மேலாளரின் பெயர்.
அதற்குக் கீழே, சுழிக்குப் பக்கத்தில்,
'வலி' என்று மட்டும் எழுதியிருக்கிறான்.
துடுப்பையா தோளையா,
நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை. விடிய நாலரைக்கு வான்.
அவிசாவளையில் இடியப்பம்.
எட்டரைக்கு இறங்குவது.
ஆனால் ஆற்றுக்கும் ஒரு நேரசூசி இருக்கிறது:
மேலே மின்நிலையம் திறந்துவிட்டால்தான் எழும்பும்.
இல்லையென்றால் கற்கள் முதுகு காயவைத்துக்கொண்டிருக்கும்,
நாங்கள் கயாக்கைத் தலையில் சுமந்து நடக்கலாம்.

ஷம்ரானின் மச்சானோடு படித்தவர்
அங்கே வேலை செய்கிறார்.
மூன்றுமுறை போன் எடுத்தாயிற்று.
"கொழும்பு எவ்வளவு கரண்ட் இழுக்குதோ
அவ்வளவுதான் தண்ணி" என்றாராம்.
பிறகு, "மழை பேஞ்சா என்னைக் கேக்கவேணாம்."

மழைக்குத் தனித் தாள்.
மஸ்கெலியாப் பக்கம் நேற்று நாற்பது மில்லிமீற்றர்.
இன்னும் பெய்தால் பாறைகள் மறையும்,
தெரிகிற பாறையைவிட மறைந்த பாறை மோசம் என்று
இரண்டு தடவை தோள் கழன்ற தில்ருக்
சிங்களத்தில் சொல்கிறான்.
நான் தமிழில் தலையாட்டுகிறேன்.

எனக்கு இன்னும் உருட்டு சரியாக வரவில்லை.
கவிழ்ந்த கயாக்கை இடுப்பால் சுண்டித்
திரும்ப நிமிர்வது.
மூன்று மாத ஞாயிறுகள், நீச்சல் குளத்தில்,
மூக்கெல்லாம் குளோரின்,
பத்துக்கு ஆறு.
"ஆத்தில எண்டா பத்துக்கு மூண்டு" என்றான் யூஜின்.

தலைகீழாக இருக்கும் அந்த நாலு செக்கனில்
பயமில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள்.
காலி வீதி இல்லை.
கோர்ன் சத்தம் இல்லை.
மாதமுடிவுக் கணக்கு யாரும் கேட்பதில்லை.
என் முடி மட்டும் கீழ்நோக்கி அசைகிறது,
ஏதோ பாசி மாதிரி.
மூச்சு முடியும்போதுதான்
மேலே ஒரு உலகம் வேண்டியிருக்கிறது.

இரவு பதினொன்றுக்குப் படிவம்.
கயாக் வாடகைக்குத் தருபவர் கேட்பது:
ஏதும் நடந்தால் அறிவிக்க ஒரு பெயர், ஒரு இலக்கம்.
நான் யூஜினை எழுதினேன்.
யூஜின் ஷம்ரானை.
ஷம்ரான் தில்ருக்கை.
தில்ருக், பேனாவைக் கடித்து யோசித்து, என்னை.
தாள்களை அடுக்கும்போதுதான் ஷம்ரானுக்குப் பிடிபட்டது.
"நாலு பேரும் ஆத்துக்குள்ள எண்டா
போனை யாரு எடுக்கிற?"

சிரித்தோம்.
பிறகு கொஞ்சநேரம் மின்விசிறிச் சத்தம்தான் இருந்தது.
ஆளில்லாமல் இல்லை,
எல்லாருக்கும் யாரோ இருக்கிறார்கள்.
அந்த யாருக்கும் சனிக்கிழமையைப் பற்றி
ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.
என் அக்காவைக் கேட்டால்
நான் கணக்காய்வுக்கு இரத்தினபுரி போகிறேன்.

முதலில் இந்த வீட்டு லைன் இலக்கத்தை எழுதினேன்.
அடித்தால் மேசை கேட்கும்,
அதில் கிடக்கிற காகித ஆறு கேட்கும்.
பிறகு அதை வெட்டிவிட்டு அக்காவின் பெயரை எழுதினேன்.
அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை இருக்கிறதே.

அவர்கள் போனபின் கேத்தலை நிரப்பினேன்.
இதுவும் அந்த ஆறுதான்.
அம்பத்தளையில் பிடித்து, வடித்து,
ஐந்து மாடி ஏற்றி,
குழாயில் நல்ல பிள்ளையாக வருகிறது.
எந்தக் கல்லில் மோதியதென்று வாய் திறப்பதில்லை.

புழுக்கம்.
மின்விசிறியை ஒரு எண் கூட்டினேன்.
பிறகு இன்னொன்று.
வெளியறை விளக்கைப் போட்டேன்,
ஆளில்லாத குளியலறை விளக்கையும்.
மேலே எங்கோ ஒரு மதகு
மயிரிழை கூடுதலாகத் திறக்கட்டும்.